வெள்ளித் திரையும் நம் லயமும்

(தோட்டக் கிளையின் குடும்ப தினக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சம்பளத்தைப் பற்றியும் போனசைப் பற்றியும் பேசிப் பழகிய எங்களை இன்று சினிமாவைப் பற்றிப் பேசும்படி தலைவர் பணித்துவிட்டார். சங்க மேடையில் சினிமாப் பேச்சா என்று முகம் சுளிப்பவர்கள் இருக்கலாம். பெரட்டுக்கு வராமல் ஏமாற்றிய தோட்டத் தமிழர் உண்டு. படம் பார்க்காமல் இருந்த தோட்டத் தமிழர் உண்டா? ஆகவே பேசுவதில் பிழையில்லை.

எங்கள் தந்தையார் சிறுவராக இருந்த காலத்தில், திடலில் இரண்டு கம்பு நட்டு, வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டினார்களாம். முன்புறம் இடம் கிடைக்காதவர்கள் துணிக்குப் பின்புறம் உட்கார்ந்து பார்த்தார்கள். அவர்களுக்கு மட்டும் வீரன் இடக்கையால் வாள் வீசினான்! படம் முடிய நள்ளிரவாகும். விடியுமுன் பெரட்டு. தூக்கக் கலக்கத்தில் மரத்தைக் காயப்படுத்திவிட்டுத் தண்டலிடம் வசவு வாங்கியவர்கள் பலர். ஆனாலும் அடுத்த படத்துக்கு முதல் ஆளாகப் பாய் விரித்தவர்களும் அவர்களே.

படங்களில் எத்தனையோ வகை. புராணப் படம் என்றால் நம் தாய்மார்கள் விடமாட்டார்கள். 1965 இல் வந்த 'திருவிளையாட'லைக் கும்பிட்டுக்கொண்டே பார்த்தவர்கள் உண்டு. வாள் சண்டைக்கு 1958 இல் வந்த 'நாடோடி மன்னன்'. எம்.ஜி.ஆர். தாமே இயக்கி, இரட்டை வேடத்தில் நடித்த படம் அது. சரித்திரத்துக்கு 1959 இல் வந்த 'வீரபாண்டிய கட்டபொம்மன்'. சிரித்து மகிழ 1964 இல் வந்த ஸ்ரீதரின் 'காதலிக்க நேரமில்லை'. எங்களுக்கு எல்லா வகையும் பிடிக்கும். எனினும், எது சிறந்தது என்று கேட்டால், குடும்பக் கதைக்கே எங்கள் ஓட்டு. அதற்குக் காரணம் சொல்ல வேண்டும்.

1952 இல் வந்த 'பராசக்தி'யை எடுத்துக்கொள்ளுங்கள். சிவாஜி கணேசனின் முதல் படம். கலைஞர் கருணாநிதியின் வசனத்துக்காக அதைப் புகழாதவர் இல்லை. நம் தோட்டத்துக் கிழவிகளோ வசனம் வருமுன்பே அழுதுவிட்டார்கள். ரங்கூனில் மூன்று அண்ணன்மார், மதுரையில் ஒரே தங்கை, நடுவில் கடலும் போரும்! தங்கையின் கல்யாணத்துக்கு மூவரும் போக முடியவில்லை. இதை வேறு யார் பார்த்தாலும் கதை. ஊரில் உடன்பிறந்தாளை விட்டுவிட்டுக் கப்பலேறி வந்தவர்களுக்கும், 1942 க்கும் 1945 க்கும் இடையில் சயாம் ரயில் பாதைக்குப் போன கணவன் திரும்பாமல் நின்றவர்களுக்கும் அது கதையா? தங்கள் வீட்டுச் சேதியைத் திரையில் கண்டார்கள்.

இனி நம் குறையையும் சொல்லிவிடுவோம். ரசிகர் என்ற பெயரில் நாம் இரண்டாகப் பிரிந்தோம். எம்.ஜி.ஆர். 1987 இலேயே மறைந்துவிட்டார். ஆனால் எங்கள் லயத்தில் சண்டை 1990 களிலும் ஓயவில்லை. எங்கள் தந்தையார் எம்.ஜி.ஆர். கட்சி. தாய்மாமன் சிவாஜி கட்சி. இருவரும் ஒரே நிரையில் மரம் வெட்டியவர்கள். ஒருநாள் பால் நிறுக்கும் இடத்தில் வாய்ப்பேச்சு முற்றி, இரண்டு ஆண்டுகள் முகம் பார்த்துப் பேசவில்லை. சங்கக் கூட்டத்தில்கூடக் கட்சி பிரிந்து உட்கார்ந்தார்கள். லயத்துக்குத் தண்ணீர்க் குழாய் கேட்டு மனுக் கொடுக்க வேண்டியிருந்தது. இவர் எழுதியதில் அவர் கையெழுத்துப் போடவில்லை. அவர் எழுதியதில் இவர் போடவில்லை. குழாய் வந்தது, ஓராண்டு பிந்தி! அதுவரை வாளி சுமந்தவர்கள் பெண்கள்.

இருவருக்கும் நடுவில் நசுங்கியவர் எங்கள் தாயார். ஒருவர் கணவர், ஒருவர் அண்ணன். ஒரு தீபாவளிக்கு வீடியோ வாடகைக்கு எடுத்தபோது, "இந்த முறை நான் சொல்லும் படம்" என்றார். 1961 இல் பீம்சிங் இயக்கிய 'பாசமலர்'. அதில் தொழிலாளியாய் இருந்து முதலாளியாகும் ராஜசேகரன். அவனிடம் தொழிலாளருக்காக வாதாடும் ஆனந்தன். இருவரிடையே தங்கையாகவும் மனைவியாகவும் தவிக்கும் ராதா. தாயார் ஏன் இந்தப் படத்தைக் கேட்டார் என்பது சிறுவர்களான எங்களுக்கு அன்று விளங்கவில்லை.

மாமன் குடும்பமும் வந்து உட்கார்ந்தது. சிவாஜி படம் என்பதால் தந்தையார் உள்ளே வராமல் வாசற்படியில் நின்று பார்த்தார். படம் முடிந்ததும் மாமன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "மச்சான், உள்ளே வந்து உட்காரக் கூடாதா?" என்றார். தந்தையார் உடனே பதில் சொல்லவில்லை. பிறகு, "சாவித்திரி நன்றாக நடித்திருக்கிறாள்" என்றார். கடைசிவரை சிவாஜியை அவர் புகழவில்லை. ஆனால் மறுநாள் இருவரும் ஒரே சைக்கிளில் காட்டுக்குப் போனார்கள்.

தோழர்களே! இத்தனை படங்களிலும் நம் தோட்டத்தை எத்தனை முறை கண்டோம்? வெகு காலம் காணவில்லை. 2015 இல் சஞ்சய் குமார் பெருமாள் என்ற நம் நாட்டு இயக்குநர் 'ஜகாட்' என்ற படத்தை எடுத்தார். தோட்டம் துண்டாடப்பட்டு வெளியேறிய தமிழர் குடும்பங்களின் 1990 களின் கதை. படிக்கச் சொல்லி அடிக்கும் தந்தை, அடிதடிக் கும்பலில் சிக்கிய சிற்றப்பன், இவர்கள் நடுவில் ஒரு பையன். அது 2016 இல் மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படமாகத் தேர்வு பெற்றது. அதைப் பார்த்த இரவு எங்களுக்குத் தூக்கம் வரவில்லை. அந்தப் பையனைப் போன்றவர்கள் எங்களோடு தோட்டப் பள்ளியில் ஒரே பெஞ்சில் இருந்தவர்கள். நாங்கள் கிராணி மேசைக்கு வந்தோம். சிலர் எங்கே போனார்கள் என்று கேட்கவே நாங்கள் அஞ்சுகிறோம்.

'ஜகாட்' பார்த்தபோது நாம் யாருடைய ரசிகர் என்று எவரும் கேட்கவில்லை. அந்தப் பையன் யாருடைய பிள்ளை என்றே கேட்டார்கள். அதுதான் நல்ல படத்தின் வேலை.

இன்று ஒவ்வொருவர் கையிலும் ஒரு திரை. அண்ணன் ஒன்று பார்க்கிறான், தங்கை ஒன்று பார்க்கிறாள். அது குற்றமில்லை. ஆனால் வாசற்படியில் நிற்கும் மனிதனை உள்ளே கூப்பிட அந்தச் சிறு திரையில் இடமில்லை. ஆகவே ஒரு யோசனை. மாதம் ஒருமுறை, சம்பளத்துக்கு அடுத்த சனிக்கிழமை, இதே மண்டபத்தில் ஒரு படம் காட்டுவோம். முதல் மாதம் 'பாசமலர்', இரண்டாம் மாதம் 'ஜகாட்'. எம்.ஜி.ஆர். அன்பர்கள் சினம் கொள்ள வேண்டாம். மூன்றாம் மாதம் 'நாடோடி மன்னன்' உறுதி! தோட்டத்தை விட்டுப் போன குடும்பங்களுக்கும் சொல்லி அனுப்புவோம். அவர்களுடைய பிள்ளைகளுக்கு முன்வரிசையில் பாய் விரிப்போம்.