விண்ணில் அணைந்து எரிந்த விளக்கு

மருத்துவமனையில் நெஞ்சைப் படம் பிடிக்கும் எக்ஸ்ரே நம் எல்லாருக்கும் தெரியும். அதே எக்ஸ்ரே கதிர்கள் வானத்திலிருந்தும் வந்துகொண்டிருக்கின்றன. ஆனால் அவை தரையை எட்டுவதில்லை. பூமியைச் சூழ்ந்துள்ள காற்று அவற்றைத் தடுத்துவிடுகிறது. ஆகவே அவற்றை அளக்கும் கருவிகளை விண்வெளிக்கே அனுப்ப வேண்டியிருக்கிறது. அக்கருவிகள் கண்ட ஒரு விந்தையைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

கோடானுகோடி விண்மீன்கள் கூடிய பெருங்கூட்டத்தை விண்மீன் மண்டலம் என்கிறோம். நம் சூரியனும் அப்படிப்பட்ட ஒரு மண்டலத்தில் ஒரு விண்மீன்தான். பெரிய மண்டலங்களின் நடுவே பெரும்பாலும் ஒரு கருந்துளை இருக்கிறது. அதனுள் விழுந்த எதுவும் வெளியே வராது, ஒளியும் வராது. அப்படியானால் அது இருப்பது எப்படித் தெரிகிறது?

தொட்டியின் அடியில் அடைப்பை எடுத்தால் தண்ணீர் சுழன்று சுழன்று இறங்குகிறதல்லவா? அதுபோல வாயுவும் தூசியும் கருந்துளையைச் சுற்றிச் சுழன்றே உள்ளே போகின்றன. சுழலும்போது உரசிச் சூடேறி ஒளிர்கின்றன. துளைக்கு மிக அருகில், கொதிக்கும் வாயு மேகம் ஒன்று எக்ஸ்ரே கதிர்களை வீசுகிறது.

20 கோடி ஒளியாண்டுகளுக்கும் அப்பால் உள்ள ஒரு மண்டலத்துக்கு 1இஎஸ் 1927+654 என்று பெயர். பதிவேட்டு எண்ணே அதன் பெயர். 2018ஆம் ஆண்டு மார்ச் மாதம், அதன் ஒளி திடீரெனப் பல மடங்கு பெருகியிருப்பதைக் கண்டார்கள். பிறகு அதன் எக்ஸ்ரே மளமளவென்று குறைந்து, ஏறக்குறைய அணைந்தே போயிற்று. சில மாதங்களில் மீண்டும் எழுந்து, முன்னிலும் பிரகாசமாக எரிந்தது. ஓராண்டுக்குள் பத்தாயிரம் மடங்கு மாற்றம்! ஒரு சமயம் எட்டே மணி நேரத்தில், அதாவது ஒரு நாள் வேலை நேரத்தில், நூறு மடங்கு மாறியது. இவ்வளவு பெரிய மாற்றத்துக்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகளாவது ஆகும் என்றுதான் அறிஞர்கள் எண்ணியிருந்தார்கள்.

காரணம் என்ன? வழிதவறி அருகே வந்த ஒரு விண்மீனைக் கருந்துளை கிழித்தெறிந்திருக்கலாம். அதன் சிதறல்கள், வாயு மேகத்தைத் தாங்கி நின்ற காந்தப் புலத்தைக் கலைத்திருக்கலாம் என்பது ஒரு கருத்து. காந்தப் புலமே தலைகீழாகத் திரும்பியிருக்கலாம் என்பது மற்றொரு கருத்து. வழக்கு இன்னும் தீரவில்லை.

2022ஆம் ஆண்டு வேறொன்றும் தெரிந்தது. அதன் எக்ஸ்ரே 18 நிமிடத்துக்கு ஒருமுறை ஏறி இறங்கியது. 2024இல் அது 7 நிமிடமாகக் குறைந்தது. இந்தத் துடிப்பிலிருந்து ஓர் உண்மையைக் கணக்கிடலாம்.

ஒரு தோட்டத்தில் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஆள் ஓடிச் செய்தி சொல்ல ஒரு மணி நேரமாகும் என்று வைத்துக்கொள்வோம். அங்கே வாய்ச்செய்தி கேட்டு எல்லாரும் ஐந்து நிமிடத்தில் வேலையை நிறுத்த முடியுமா? முடியாது. நிறுத்திவிட்டார்கள் என்றால் அது சின்னத் தோட்டம் என்று நேரில் பார்க்காமலே சொல்லிவிடலாம். விண்ணில் ஒளியைவிட வேகமாக ஓடும் ஆள் கிடையாது. ஒளி 7 நிமிடத்தில் சுமார் 12 கோடியே 60 இலட்சம் கிலோமீட்டர் போகும். ஆகவே, துடிக்கும் அந்த இடம் அதைவிடப் பெரிதாக இருக்க முடியாது. சூரியனுக்கும் பூமிக்கும் உள்ள தூரமோ 15 கோடி கிலோமீட்டர்! அந்தச் சிறிய இடத்துக்குள் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட சூரியன்களின் எடை அடங்கிக் கிடக்கிறது.

இதனால் நமக்கு ஆபத்து உண்டா என்று அஞ்ச வேண்டியதில்லை. நாம் கண்டது, இருபது கோடி ஆண்டுகளுக்கு முன்பே புறப்பட்ட ஒளி.

நேயர்களே, கண்ணால் காண முடியாத ஒன்றின் அளவை, ஒரு கடிகாரமும் சிறிது பெருக்கல் கணக்கும் சொல்லிவிடுகின்றன. அந்தப் பெருக்கலை நம் பிள்ளைகள் பள்ளியிலேயே படிக்கிறார்கள். இன்றிரவு அவர்களிடம் கொடுத்துப் பாருங்கள்: ஒளி ஒரு விநாடிக்கு மூன்று இலட்சம் கிலோமீட்டர் போகிறது, 7 நிமிடத்தில் எவ்வளவு தூரம் போகும்? விடை சரியாக வந்தால், அவர்கள் ஒரு கருந்துளையின் வாசல்வரை போய்வந்தவர்கள்.