கழுத்து நோவும் சீனத்து ஊசியும்

மனிதனுடைய கழுத்தில் ஏழு முள்ளந்தண்டு என்புகள் உண்டு. முதலிரண்டிற்கும் இடையே தவிர, ஏனையவற்றின் நடுவே மெத்தைபோன்ற வட்டத்தட்டுகள் அமைந்துள்ளன. புறத்தே உறுதியான நார்வளையம். அகத்தே நீர் செறிந்த கூழ். வயது ஏற ஏறக் கூழ் நீரை இழக்கிறது, தட்டு மெலிகிறது, சிலருக்கு நார்வளையமும் கிழிகிறது.

தட்டுத் தேய்ந்துவிட்டது என்று வைத்தியர் கூறியதும் நேயர்கள் கலங்கவேண்டியதில்லை. யப்பானில் நோவேதும் இல்லாத 497 பேரின் கழுத்தைக் காந்தப்படம் எடுத்து ஆராய்ந்து, 1998ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். அறுபது வயதைக் கடந்தோருள் நூற்றுக்கு 85 பேருக்கு மேல் தேய்வு காணப்பட்டது. தேய்வு வேறு, நோவு வேறு.

அங்ஙனமாயின் நோவு எங்கிருந்து வருகிறது? பிதுங்கிய தட்டு நரம்பை நெரிப்பது ஒரு காரணம். மற்றொன்று அழற்சி. சிதைந்த தட்டிலுள்ள கலங்கள் இன்ரர்லூக்கின் முதலிய பொருள்களைச் சுரக்கின்றன. அவை நரம்பு வேரைத் தீண்டி எரிச்சலூட்டுகின்றன. படத்திற் சிறிதாய்த் தோன்றும் பிதுக்கம் சிலரைத் துயிலவொட்டாது வருத்துவதும் இதனாலேயே.

இவ்வழற்சியைச் சீனரின் அக்குபங்சர் ஊசி தணிக்குமா? 1971ஆம் ஆண்டில் அமெரிக்கப் பத்திரிகையாளர் ஜேம்ஸ் ரெஸ்ரன், பீக்கிங் நகரில் குடல்வால் அறுவைக்குப் பின்னர் தமக்கு ஊசி குத்தப்பட்டதை எழுதியதும் மேனாட்டார் கவனம் இதன்பால் திரும்பிற்று. இலங்கையில் களுபோவில வைத்தியசாலையைச் சார்ந்து வைத்தியர் அன்ரன் ஜயசூரிய இதனைப் பரப்பினார். ஆயினும் ஊசி உடலுள் யாது செய்கிறது என்பது நெடுங்காலம் தெளிவாகவில்லை.

2021ஆம் ஆண்டில் ஹாவார்ட் பல்கலைக்கழகத்து ஆய்வாளர் உள்ளிட்ட குழுவினர் எலிகளிடம் கண்டது வியப்புக்குரியது. பின்னங்காலின் ஓரிடத்தில் ஊசி செலுத்தி மெல்லிய மின்னோட்டம் பாய்ச்சியபோது, ஒருவகை உணர்நரம்புகள் தூண்டப்பட்டன. அச்செய்தி மூளையை அடைந்து, வேகசு நரம்பின் வழியே சிறுநீரகத்தின் மேலுள்ள சுரப்பியை எட்ட, அங்கே சுரந்த பொருள்கள் அழற்சியை அடக்கின. வயிற்றில் அதே அளவு தூண்டியபோது இப்பயன் கிட்டவில்லை. முந்திய ஆண்டின் ஆய்வொன்றிலோ, காலந்தவறி வலுவாகத் தூண்டியபோது அழற்சி கூடவும் கண்டனர்! எங்கே குத்தினாலும் நன்மையே என்பார் இதைச் சிந்திக்கவேண்டும். அன்றியும், அந்த எலிகளுக்கு இருந்தது பற்றீரிய நஞ்சால் உண்டான அழற்சி, கழுத்துத் தேய்வன்று.

மனிதரிடத்துச் சான்று அடக்கமானதே. 2015இல் இங்கிலாந்தின் யோர்க் பல்கலைக்கழகத்தார் நாட்பட்ட கழுத்துநோவுடைய 517 பேரை ஆராய்ந்தனர். வழக்கமான சிகிச்சையோடு ஊசியும் பெற்றோருக்கு, வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றோரினும் ஓராண்டின் பின்னரும் நோவு சிறிது குறைந்திருந்தது. ஆனால் ஊசி பெறுவதை நோயாளர் அறிந்திருந்தனர். வைத்தியரின் கனிவும் நெடுநேரக் கவனிப்பும் எவ்வளவு உதவின என்று பிரித்தறிய இயலாது. நோவு தணிந்தது என்பதனால் தேய்ந்த தட்டு மீண்டும் வளர்ந்தது என்று கொள்வதும் பிழை.

ஊசியை நாடுவோர், தகுதிபெற்ற வைத்தியரிடம், ஒருமுறையே பயன்படும் தூய ஊசியால் சிகிச்சை பெறுதல் வேண்டும். தோளருகே ஆழக் குத்திய ஊசி நுரையீரலைத் துளைத்ததும் உண்டு. கைவிரல்கள் வலுவிழந்து சட்டைப் பொத்தானைப் பூட்ட இயலாமை, நடை தள்ளாடல், சிறுநீர் கட்டுக்குள் நில்லாமை ஆகியன தோன்றின், முண்ணாண் நெரிபடுகிறது என்று ஐயுற்று, ஊசிக்காகக் காத்திராது அன்றே பெரிய வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும்.