ஒரே வேதம், இரண்டு தீர்ப்பு
(செஞ்சியில் செய்த சொற்பொழிவு)



ஆணை ஆணும், பெண்ணைப் பெண்ணும் விரும்புவது பாவமா என்பது பற்றிக் கிறிஸ்தவர்களுக்குள்ளாகவே நடந்துவரும் வழக்கைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். "அது அவர்கள் வீட்டுச் சங்கதி, நமக்கென்ன?" என்று சிலர் கேட்கலாம். அந்த வழக்கின் பேரால் மனிதனை ஜெயிலில் போடச் சட்டம் இருந்ததென்றால், அது நமக்கும் சங்கதிதான்.

1860-ல் வெள்ளைக்காரர் செய்த பீனல் கோடின் 377-வது பிரிவு, "இயற்கைக்கு விரோதம்" என்று சொல்லி ஆயுள் தண்டனை வரை விதித்தது. வயது வந்தவர்கள் சம்மதித்துத் தனிமையில் நடந்துகொள்வது குற்றமல்லவென்று 2009-ல் டெல்லி ஹைக்கோர்ட்டு சொல்லிற்று. அதை எதிர்த்து சுப்ரீம் கோர்ட்டில் வாதாடியவர்களில் உத்கல் கிறிஸ்தவக் கவுன்சிலும், அப்போஸ்தலத் திருச்சபைகளின் கூட்டணியும் உண்டு. 2013 டிசம்பரில் பிரிவுக்கு மறுபடியும் உயிர் வந்தது. அதே மாதத்தில் பம்பாய்க் கார்டினல் ஆஸ்வால்டு கிராசியஸ், இவர்களுடைய கலியாணத்தை ஒப்பாவிட்டாலும், இவர்கள் குற்றவாளிகளல்ல என்றார். இருதிறத்தார் கையிலும் இருந்தது ஒரே பைபிள்!

சோதோம் பட்டணம் எரிந்தது ஆண்மோகத்தால் என்பார் ஒரு சாரார். மறு சாரார், வந்த விருந்தாளிகளைப் பலாத்காரம் செய்யத் துணிந்ததே குற்றமென்றும், ஏழைக்கு உதவாத கர்வமே அவ்வூரின் பாவமென்று எசேக்கியேல் 16-ல் இருக்கிறதென்றும் காட்டுகிறார்கள். லேவியராகமம் இதற்கு மரண தண்டனை சொல்லுகிறது. பன்றி மாமிசமும், இருவகை நூல் கலந்த துணியும் கூடாதென்பதும் அதே ஆகமந்தான். "அவை சடங்கு விதி, இது ஒழுக்க விதி" என்கிறார்கள் பாதிரிமார். அப்படிப் பிரித்துக் கோடு போட்டது யார்? மனிதன்தானே!

பவுல் எழுதிய கிரேக்கச் சொல் ஒன்றுக்கு "மென்மையானவர்" என்பது நேர்ப்பொருள். 1611-ல் இங்கிலீஷில் அது பெண்தன்மையுள்ளவர் என்றாயிற்று. தமிழ்ப் பழைய மொழிபெயர்ப்பில் சுயபுணர்ச்சிக்காரர் என்றாயிற்று. 1946-ல் அமெரிக்கர் அதையும் அடுத்த சொல்லையும் ஒன்றாகச் சேர்த்து, ஒருபால் விருப்பமுடையோர் என்று பொருள்பட எழுதினார்கள். 1971-ல் அதையும் மாற்றினார்கள்.

உங்கள் ஊர்க் கோட்டையையே பாருங்கள். 1677-ல் சிவாஜி, 1698-ல் மொகலாயர், 1750-ல் பிரெஞ்சுக்காரர், 1761-ல் இங்கிலீஷ்காரர் என்று ஆள் மாறி ஆள் பிடித்தார்கள். கல் அப்படியே இருந்தது, கொடி மாறிற்று. வசனத்தின் கதியும் அதுவே.

இந்துக்கள் சிரிக்க வேண்டாம். மநுவின்படி துவிஜன் ஆணோடு கூடினால் உடுத்த துணியோடு குளித்துவிட்டால் போதும். கன்னி கன்னியைக் கெடுத்தாலோ 200 பணம் அபராதமும் 10 அடியும் உண்டு!

வடக்கன்குளம் கோவிலில் ஜாதிக் கிறிஸ்தவரைப் பிரித்து நின்ற சுவர் 1910-ல் இடிக்கப்பட்டது. அப்போது பைபிளில் புது அதிகாரம் ஒன்றும் சேரவில்லை. மனிதர் மனந்தான் மாறிற்று. இன்றும் அந்த மாற்றமே வேண்டும்.

2018 செப்டம்பர் 6-ல், சம்மதித்த பெரியவர்களின் உறவு குற்றமல்லவென்று சுப்ரீம் கோர்ட்டு தீர்த்துவிட்டது. இவர்களை "மாற்றி"க் குணப்படுத்துவதாகச் சொல்லும் வைத்தியத்தை 2021-ல் சென்னை ஹைக்கோர்ட்டு தடுத்தது. சட்டம் விட்டாலும் வீடு விடுவதில்லை. பெற்ற பிள்ளையை வசனத்துக்காகத் துரத்துகிறார்கள்; ஊர் வாய்க்குப் பயந்து பிடிக்காத கலியாணத்தில் தள்ளி, ஒன்றும் அறியாத இன்னொரு ஜீவனையும் கெடுக்கிறார்கள்.

ஆகவே, வேதம் என்ன சொல்லுகிறது என்று கேட்பதை விட்டு, இதனால் யாருக்கு என்ன கெடுதி என்று கேளுங்கள். ஒருவருக்கும் கெடுதியில்லையென்றால், பிள்ளையை வீட்டுக்குள் வைத்துச் சோறு போடுங்கள். நாம் சொன்னோம் என்பதற்காக ஏற்க வேண்டாம். உங்கள் புத்திக்குச் சரியென்று பட்டால் ஏற்றுக்கொள்ளுங்கள்.