சாய்ந்தும் நிமிரும் கலம்



புதுக்கோட்டை என்றவுடன் சித்தன்னவாசலும் குடுமியான்மலையும் நினைவில் எழுவது இயல்பு. 1974இல் இம்மாவட்டம் அமைந்தபோது அதற்கு ஒரு கடற்கரையும் வாய்த்தது. கட்டுமாவடி, மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், மீமிசல் என நீளும் அக்கரை பாக் விரிகுடாவைச் சேர்ந்தது. அவ்விரிகுடாவில் பாய்விரித்து ஓடிய கலங்கள் கவிழாது நின்ற திறம் பற்றியதே இவ்வுரை.

பாக் விரிகுடாவின் பெரும்பகுதி 15 மீட்டர் ஆழமும் இல்லாதது. ஆழ்கடலில் ஓடும் பாய்மரப் படகுகள் பலவற்றுக்கு ஏரா என்னும் அடிக்கட்டை ஆழமாக இறங்கியிருக்கும். அதில் ஈயமோ இரும்போ பொருத்தியிருப்பர். காற்று பாயைத் தள்ளிக் கலத்தைச் சாய்க்கும்போது அக்கீழ்ச்சுமை அதனை மீண்டும் நிமிர்த்தும். இக்கரையின் மேலோட்டமான நீரில் அத்தகைய கலம் தரைதட்டிவிடும்.

எடையைக் கீழே இறக்க இயலாத இடத்தில் அதனைப் பக்கவாட்டில் நீட்டினர் இக்கடலின் மக்கள். வத்தை எனப்படும் பாய்மரப் படகின் குறுக்கே நீண்ட பலகையொன்று, காற்று வரும் பக்கமாக வெளியே நீட்டப்படும். ஆட்கள் அதன்மேல் ஏறுவர். காற்று வலுத்தால் நுனி நோக்கி நகர்வர். தணிந்தால் உள்ளே வருவர். மனித உடலே அங்கு நகரும் எடைக்கல். சென்னை மாகாண மீன்வளத் துறையில் பணியாற்றிய ஜேம்ஸ் ஹார்னெல், இந்தியப் படகுகள் குறித்து 1920இல் வெளிவந்த தம் ஆய்வில் இப்பலகையைப் பதிவுசெய்துள்ளார்.

இதன் அறிவியல் எளியது. கலத்தின் எடை முழுவதும் ஈர்ப்பு மையம் என்னும் புள்ளியில் கீழ்நோக்கி இழுக்கிறது. நீர் தாங்கும் விசை, மிதப்பு மையத்தில் மேல்நோக்கித் தள்ளுகிறது. கலம் சாயும்போது மிதப்பு மையம் சாய்ந்த பக்கம் நகர்கிறது. அங்கிருந்து மேலெழும் செங்குத்துக் கோடு கலத்தின் நடுக்கோட்டை வெட்டுமிடம் மூன்றாவது புள்ளி. பிரெஞ்சு அறிஞர் பியேர் பூகேர் 1746இல் வெளியிட்ட நூலில் அதற்கு மெட்டா மையம் எனப் பெயரிட்டார். ஈர்ப்பு மையம் அதற்குக் கீழே இருக்குமாயின் கலம் நிமிரும்; மேலே இருக்குமாயின் கவிழும்.

கட்டி முடித்த கலத்தின் ஈர்ப்பு மையத்தைக் கண்டறிவது எவ்வாறு? அதனைச் சிறிது சாய்த்துப் பார்ப்பதே வழி. அலையற்ற நீரில், உள்ளே தேங்கிய நீரை இறைத்துவிட்டு, கட்டுக்கயிறுகளைத் தளர்த்தி, ஒரு தூக்குக்குண்டைத் தொங்கவிடுவர். மொத்த எடை 2000 கிலோ உள்ள படகில் 60 கிலோ எடையைக் குறுக்கே 1 மீட்டர் நகர்த்தும்போது, 1 மீட்டர் நூலின் நுனி 3 சென்டிமீட்டர் விலகுவதாகக் கொள்வோம். 60ஐ 2000த்தாலும் 0.03ஆலும் வகுத்தால் 1 வரும். ஈர்ப்பு மையம் மெட்டா மையத்திற்கு 1 மீட்டர் கீழே உள்ளது என்பது அதன் பொருள். மெட்டா மையத்தின் உயரத்தைக் கலத்தின் வடிவத்திலிருந்து கணக்கிட்டால், ஈர்ப்பு மையத்தின் இடமும் தெரிந்துவிடும்.

இச்சோதனையின் சொல்லைக் கேளாததற்குச் சான்று சுவீடனின் வாசா கப்பல். 1628இல் முப்பது பேரை அதன் மேல்தளத்தில் இங்குமங்கும் ஓடவிட்டுச் சோதித்தனர். மூன்றாம் ஓட்டத்திலேயே கப்பல் அஞ்சத்தக்க அளவு ஆடியதால் சோதனை நிறுத்தப்பட்டது, பயணம் நிறுத்தப்படவில்லை. அவ்வாண்டு ஆகஸ்டு 10ஆம் நாள், முதற்பயணத்திலேயே, ஸ்டாக்ஹோம் துறைமுகத்தை விட்டு வெளியேறுமுன் அது மூழ்கியது.

இன்று இக்கரையிலும் விசைப்படகும் கண்ணாடி இழைப் படகும் பாயின் இடத்தைப் பிடித்துவிட்டன. பாய் சுருண்டால் பலகைக்கும் வேலையில்லை. ஆயினும் பொறியும் வலையும் பனிக்கட்டிப் பெட்டியும் மீனும் ஏறும் கலத்திற்கு ஈர்ப்பு மையம் பற்றிய அறிவு முன்னினும் தேவை. எந்தச் சுமை எங்கே இருந்தால் கலம் திரும்பி நிமிரும் என்பதை உடலால் அறிந்தவர்கள் பாய்மரக் காலத்து முதியவர்கள். அவ்வறிவு எண்களில் எழுதப்படவில்லை; கடற்கரைச் சொற்களில் வாழ்ந்தது. பலகைக்கும் பாய்க்கயிற்றுக்கும் காற்றின் திசைகளுக்கும் அவர்கள் வழங்கிய பெயர்களை நேரில் கேட்டுத் தொகுத்தல், பத்தாண்டு நிறைவு காணும் ஓர் இலக்கிய வட்டம் ஏற்கத்தக்க பணி. எஞ்சிய வத்தை ஏதேனும் கிடைக்குமாயின், பொறியியல் மாணவர்களைக் கொண்டு தூக்குக்குண்டுச் சோதனையும் நடத்தலாம்.

சாயாத கலம் கடலில் இல்லை. எவ்வளவு சாய்ந்தபின்னும் நிமிரவல்லது என்பதே அதன் உறுதிக்கு அளவு. அவ்வளவை அறிந்திருந்தோர் இருக்கும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுதல் நலம்.