உருக்கிய கிரீஸும் ஒரு பழைய செயினும்

(முன்னாள் மாணவர் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்கு முன்னால் பேசியவர்கள் விடுதியையும் மெஸ் சாம்பாரையும் சொல்லி உங்களைச் சிரிக்க வைத்துவிட்டார்கள். நான் மெக்கானிக்கல் படித்தவன். மோட்டார் சைக்கிள் செயினுக்கு எண்ணெய் போடுவதைப் பற்றித்தான் பேசப் போகிறேன். சிரிங்க, பரவாயில்லை. முன்வரிசையில் இருக்கிற மூத்தவர்களில் ராஜ்தூத், யெஸ்டி, புல்லட் ஓட்டியவர்கள் உண்டு. நான் சொல்லப்போவது அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

நாம் பார்க்கிற இந்த ரோலர் செயினுக்கு 1880-ல் காப்புரிமை பெற்றவர், இங்கிலாந்தில் மான்செஸ்டரில் தொழில் நடத்திய ஹான்ஸ் ரெனால்டு. இத்தனை ஆண்டுகளில் அதன் அடிப்படை மாறவே இல்லை. பின், அதைச் சுற்றி புஷ், அதற்கு மேல் ரோலர், இரண்டு பக்கமும் தகடு. அவ்வளவுதான். நாளாக ஆகச் செயின் நீளுகிறது என்கிறோமே, தகடா நீளுகிறது? இல்லை. பின்னும் புஷ்ஷும் உரசித் தேய்கின்றன. ஒரு கண்ணிக்குக் கால் மில்லிமீட்டர் தேய்ந்தால், 110 கண்ணி உள்ள செயின் ஓரங்குலத்துக்கு மேல் நீண்டுவிடும். ஆக, எண்ணெய் போய்ச் சேரவேண்டிய இடம் பின்னுக்கும் புஷ்ஷுக்கும் இடையே உள்ள அந்த மயிரிழை இடைவெளி. நம் கண்ணுக்குத் தெரிகிற இடம் அல்ல.

இதை எனக்கு முதலில் சொன்னது பாடப்புத்தகம் இல்லை. என் ஊர் கடையம். 2000-களின் தொடக்கத்தில் நான் பள்ளிக்கூடம் போன காலத்தில், அங்கே ஒரு அண்ணாச்சி ஒர்க் ஷாப் வைத்திருந்தார். குற்றாலத்தில் சீசன் என்றால் எங்கள் பக்கமும் சாரல் அடிக்கும். ஜூன் தொடங்கி ஆகஸ்ட் வரை நனைந்து ஓடின வண்டிகள், சீசன் முடிந்ததும் அவர் கடைக்கு வரிசையாக வரும்.

அண்ணாச்சி முதலில் செயின் லாக்கைக் கழற்றுவார். செயினை மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, பிரஷ்ஷால் தேய்த்து, துடைத்து வெயிலில் காயவைப்பார். கொல்லைப்பக்கம், பெட்ரோல் வாடையே எட்டாத தூரத்தில், ஸ்டவ்வைச் சிறுதீயில் வைத்து, ஒரு பழைய தகர டப்பாவில் கிரீஸை உருக்குவார். அதில் கொஞ்சம் கிராபைட் தூள் போடுவார். புகை வரக்கூடாது, இளகினால் போதும். சுருட்டிய செயினை உள்ளே இறக்கியதும் குமிழ் குமிழாகக் காற்று வெளியே வரும்.

“ஏலே, குமிழி நிக்கட்டும், அதுவரைக்கும் தொடாத. செயினுக்கு வெளிய பூசுனா அது ஊருக்குக் காட்டுறது. உள்ள போனாத்தாம்ல வேலை” என்பார்.

குமிழி நின்றதும் அடுப்பை அணைத்து, சற்று ஆறவிட்டு, கம்பியால் தூக்கி ஆணியில் தொங்கவிடுவார். வடிந்ததும் வெளிப்பக்கத்தைத் துணியால் சுத்தமாகத் துடைத்துவிடுவார்.

நண்பர்களே, நாம் மூன்றாம் ஆண்டில் படித்த பாகுநிலையும் நுண்துளை ஏற்றமும் அந்தத் தகர டப்பாவுக்குள் இருந்தன. குளிர்ந்த கிரீஸ் கெட்டி, உள்ளே நுழையாது. சூடானால் நீர்த்துப்போய் உள்ளே இருக்கிற காற்றைத் தள்ளிவிட்டு நுழையும். ஆறியதும் மறுபடி கெட்டியாகி அங்கேயே தங்கும். வெளியே துடைப்பது எதற்கு? மேலே பிசுபிசுப்பு இருந்தால் மணல் ஒட்டும். மணலும் எண்ணெயும் சேர்ந்தால் அது உராய்வைக் குறைக்காது, வால்வு தேய்க்கிற பேஸ்ட் மாதிரி அரைத்துத் தள்ளிவிடும். இது கடையத்துக்கு மட்டும் உரிய வித்தை அல்ல. பழைய பிரிட்டிஷ் வண்டிகளின் கையேடுகளிலும் இந்த முறை உண்டு. அங்கே ‘லிங்க்லைஃப்’ என்று கிராபைட் கலந்த கிரீஸை டப்பாவிலேயே விற்றார்கள். டப்பாவை அடுப்பில் வைத்துச் செயினை உள்ளே போட வேண்டியதுதான்.

பழசெல்லாம் பொன் என்று சொல்ல நான் வரவில்லை. அதே காலத்தில் பல கடைகளில் இன்ஜினிலிருந்து இறக்கிய கருப்பு ஆயிலைத்தான் செயினில் ஊற்றினார்கள். அதில் கரியும் இரும்புத் துகளும் இருக்கும். வண்டிக்கும் கேடு, தெரு மண்ணுக்கும் கேடு. யெஸ்டியில் செயினையே ரப்பர் உறையும் தகட்டுக் கூடும் போட்டு மூடியிருந்தார்கள். அழுக்கு வந்தபிறகு கழுவுவதைவிட, வராமல் தடுப்பது மேலல்லவா?

அந்த எண்ணத்தின் அடுத்த படிதான் 1970-களில் வந்த ஓ-ரிங் செயின். தொழிற்சாலையிலேயே பின்னுக்குள் கிரீஸ் வைத்து, ரப்பர் வளையத்தால் அடைத்துவிடுகிறார்கள். தம்பிகளே, இந்தச் செயினை ஒருபோதும் கிரீஸில் காய்ச்சாதீர்கள், பெட்ரோலில் கழுவாதீர்கள். வளையம் கெட்டால் உள்ளே இருக்கிற கிரீஸும் போய்விடும். உங்கள் வண்டியில் இருப்பது சாதாரணச் செயினா, ஓ-ரிங்கா என்று முதலில் பாருங்கள். எதுவானாலும் மழையில் ஓட்டி வந்தால் துடைத்து, செயின் சூடாக இருக்கும்போதே, கீழ்ச்சரத்தின் உள்பக்கத்தில் 90 நம்பர் ஆயிலோ ஸ்பிரேயோ போடுங்கள். சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். இன்ஜினை ஓடவிட்டுக் கியர் போட்டுத் துடைக்காதீர்கள். ஸ்பிராக்கெட்டில் விரல் மாட்டினால் விரல் போய்விடும்.

அப்படியானால் நான் எதற்காக ஏங்குகிறேன்? கிரீஸ் வாசனைக்காக மட்டும் இல்லை. கழற்றிய செயின் அண்ணாச்சி கையில் கண்ணி கண்ணியாக நகரும். இறுகிய கண்ணி எது, வெடித்த ரோலர் எது என்று விரலுக்குத் தெரிந்துவிடும். செயினைப் பக்கவாட்டில் பிடித்துப் பார்ப்பார். வில்லாக வளைந்தால், “இது போதும்ல, மாத்திரு” என்பார். திரும்ப மாட்டும்போது கிளிப்பின் மூடிய முனை செயின் ஓடுகிற திசையைப் பார்த்திருக்கிறதா என்று இரண்டு தடவை பார்ப்பார். எண்ணெய் போடுவது ஒரு சாக்கு, உண்மையில் அங்கே நடந்தது பரிசோதனை. இன்று ஸ்பிரே அடித்து இரண்டு நிமிடத்தில் கிளம்பிவிடுகிறோம். எண்ணெய் விழுகிறது, கண் விழுவதில்லை.

இதில் உயிர் இருக்கிறது. சீசனில் நம் மாணவர்கள் இரண்டு பேராக வண்டியேறி, செங்கோட்டை தாண்டிப் புளியரை வளைவில் ஏறி ஆரியங்காவு போகிறார்கள். மலைப்பாதையில் செயின் அறுந்து சுற்றிக்கொண்டால் பின்சக்கரம் பூட்டிக்கொள்ளும். அறுகிற செயின் பெரும்பாலும் முன்பே சைகை காட்டியிருக்கும். பார்க்க ஆள் வேண்டும்.

ஆகவே ஒரு வேண்டுகோள். சிறிய வண்டிகளில் பெரும்பாலும் 428 செயின்தான். அதை இழுத்துப் பிடித்து, ஒரு பின்னிலிருந்து 20 கண்ணிகளை அளந்து பாருங்கள். புதிதில் 254 மில்லிமீட்டர். 259-ஐ நெருங்கினால் அது 2 சதவீதத் தேய்மானம், மாற்றும் வேளை வந்துவிட்டது என்று பொருள். உங்கள் வண்டிக் கையேடு வேறு அளவு சொன்னால் அதுவே முடிவு. சங்கத்துக்கும் ஒன்று சொல்கிறேன். ஆண்டுக்கு ஒரு சனிக்கிழமை, சீசனுக்கு முன்னால், பழைய வண்டி வைத்திருக்கும் மூத்தவர்கள் கல்லூரி ஒர்க் ஷாப்புக்கு வாருங்கள். மாணவர்கள் தங்கள் கையாலேயே ஒரு செயினைக் கழற்றி, கழுவி, அளந்து மாட்டட்டும். மண்ணெண்ணெய், துணிச் செலவு என்னுடையது.