மரபணுவின் முகப்பு



டி.என்.ஏ.யைப் பற்றும் புரதங்கள் தாவர மரபணுக்களின் செயலை நிர்வகிக்கும் விதத்தை ஆராய்வதற்குத் திருவனந்தபுரத்தில் கூடியிருப்பது மிகவும் பொருத்தமென்பது என் அபிப்பிராயம். ஏனெனில், 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா, குடிகளின் உணவுக் குறை தீரும்பொருட்டு ஊக்கமளித்துப் பரப்பிய மரச்சீனி இங்குள்ளோரின் அன்றாட ஆகாரமாகிவிட்டது. 1963-இல் கிழங்குப் பயிர்களுக்கென்றே ஒரு மத்திய ஆராய்ச்சி நிலையமும் இந்நகரின் ஸ்ரீகாரியத்தில் தோன்றியது. நான் சொல்லவந்த விஷயமும் அந்தக் கிழங்கில்தான் போய் நிற்கிறது.

மரபணு செடியில் இருப்பதனால் மட்டும் வேலை நடந்துவிடாது. அதன் தொடக்கப் பகுதியாகிய முகப்பிலுள்ள டி.என்.ஏ. எழுத்து வரிசையை அறிந்து எந்தப் புரதம் எப்போது வந்து பற்றுகிறது என்பதைப் பொறுத்தே இலையும் பூவும் கனியும் உருப்பெறுகின்றன. இது நீங்கள் நன்கறிந்தது; விரித்துரைக்க வேண்டியதில்லை.

ஆனால் செடியின் புரதங்கள் வந்து பற்றும் அதே முகப்பைப் பகைவனின் புரதமும் பற்றுகிறதே, அதுதான் விசேஷம். நெல்லில் பாக்டீரியா இலைக்கருகல் நோயை விளைவிக்கும் சாந்தோமோனாஸ் கிருமி, தான் உற்பத்தி செய்த ஒரு புரதத்தைச் செடியின் உயிரணுவுக்குள் செலுத்த, அது உட்கருவை அடைந்து, சர்க்கரையை வெளியேற்றும் ஸ்வீட் மரபணு ஒன்றின் முகப்பைப் பற்றி, கள்ளச்சாவியிட்டுக் களஞ்சியத்தைத் திறப்பதுபோல் அதைத் தூண்டிவிட, வெளியே கசியும் சர்க்கரையை உண்டு கிருமி பெருகுகிறது. அப்புரதத்தின் நடுவே, பெரும்பாலும் 34 அமினோ அமிலங்கள் கொண்ட துண்டுகள் அடுத்தடுத்து அமைந்துள்ளன. ஒவ்வொரு துண்டிலும் 12, 13-ஆம் இடங்களில் உள்ள இரண்டு அமிலங்களே பற்றவேண்டிய எழுத்தைத் தீர்மானிக்கின்றன என்பது 2009-இல் வெளியாயிற்று. செடியின் சொந்தப் புரதங்களில் இத்தனை துலக்கமான கணக்கைக் காணோம், கள்வனிடத்தில்தான் காண்கிறோம்!

அந்த ஸ்வீட் மரபணுவையே ஒடுக்கிவிடலாமே என்றால், மகரந்தம் பழுதுபட்டு மணி பிடிப்பது குறையும். அது செடிக்கும் வேண்டிய மரபணு. எக்ஸ்.ஏ.13 என வழங்கும் எதிர்ப்பு வடிவத்தில் இயற்கை கையாண்ட உபாயம் வெகு சூக்ஷ்மமானது: மரபணுவின் தொழிலுக்குப் பங்கமின்றி முகப்பின் எழுத்துகள் மட்டும் மாறியிருப்பதால், பகைப்புரதத்துக்குப் பிடிமானம் கிட்டுவதில்லை. அதனோடு எக்ஸ்.ஏ.5, எக்ஸ்.ஏ.21 என்னும் எதிர்ப்பு மரபணுக்கள் இரண்டையும் சேர்த்து ஹைதராபாத் விஞ்ஞானிகள் உருவாக்கிய மேம்படுத்தப்பட்ட சம்பா மசூரி நெல் 2008-இல் வெளிவந்தது. இவற்றில் எக்ஸ்.ஏ.5 என்பதும், மரபணுவைப் படியெடுக்கத் துணைநிற்கும் புரதமொன்றில் ஒரேயோர் அமிலம் மாறியதன் பலனே. நோயெதிர்ப்புக்குப் புதிய மரபணுவைத் தேடி அலையும் நம்மவர், இருக்கும் மரபணுவின் முகப்பை இன்னும் போதுமான அளவு பார்க்கவில்லை என்பேன்.

மரச்சீனியிலும் சாந்தோமோனாஸ் பேரினக் கிருமியொன்று இவ்விதமே ஒரு ஸ்வீட் மரபணுவைத் திறந்து கருகல் நோயை உண்டாக்குகிறது. அம்மரபணுவின் முகப்பு எழுத்தைச் சிறிதும் மாற்றாமல், அதன்மேல் மெத்தில் முத்திரையிட்டே பகைப்புரதத்தைத் தடுத்து நோயைக் குறைக்கலாம் என்று அமெரிக்க ஆராய்ச்சியாளர் 2023-இல் காட்டினர். விதையாலன்றிக் கம்பு நட்டே பயிராகும் இச்செடியில் அம்முத்திரை எத்தனை நடவுவரை நிலைத்துநிற்கும் என்பதைப் பிற்பகல் அமர்வில் முதலாவதாக விவாதிக்கும்படி கேட்டுக்கொண்டு, மாநாட்டைத் தொடங்கிவைக்கிறேன்.