மனசு சொன்னால் போதுமா?

("வாழ்க்கைக்குத் துணை நிற்பது உள்ளுணர்வா? ஆராயும் அறிவா?" பட்டிமன்றத்தில், 'ஆராயும் அறிவே' அணியின் பேச்சு)



'மனசுல முதல்ல படுறதுதான் சரி'ன்னு எதிரணி அம்மா அடிச்சுச் சொன்னாங்க. சரிங்கம்மா, ஒரு சின்னக் கணக்கு. தூண்டில் கயிறும் முள்ளும் சேர்த்து 110 ரூபாய். முள்ளைவிடக் கயிறு 100 ரூபாய் அதிகம். முள் என்ன விலை? முன்வரிசையில ஒருத்தர் '10 ரூபாய்'ன்னுட்டார்! (சிரிப்பு) முள் 10 என்றால் கயிறு 110. மொத்தம் 120 ஆயிடுமே ஐயா! முள் 5 ரூபாய்தான். மனசு முந்திக்கிட்டுது, அறிவு வந்து திருத்துது. (கைதட்டல்)

'எங்க மீனவர் காத்தைப் பார்த்தே கடலைச் சொல்லிடுவார், அவர் என்ன புத்தகமா படிச்சார்?'ன்னு கேட்டாங்க. உண்மை. பாக் நீரிணைப் பக்கம் பெண்கடல், மன்னார் வளைகுடாப் பக்கம் ஆண்கடல்னு குணம் பார்த்துப் பேர் வச்ச ஜனங்க அவங்க. ஆனா அந்த அறிவு பிறக்கும்போதே வந்ததா? சின்ன வயசுல அப்பா கூட வள்ளத்துல போய், தப்பாச் சொல்லி, திட்டு வாங்கி, மறுநாள் திருத்திக்கிட்ட பாடம் அது! நோபல் பரிசு பெற்ற டேனியல் கானெமனும் கேரி கிளைனும் இந்த விஷயத்தில் எதிரெதிர் அணி. 2009-இல் இருவரும் சேர்ந்தே எழுதினார்கள்: ஓர் ஒழுங்கோடு நடக்கிற காரியத்தில் நெடுநாள் பழகி, செய்த தப்பை உடனுக்குடன் தெரிந்துகொண்டவரின் உள்ளுணர்வை நம்பலாம் என்று.

சரி, பழகாத கடல் வந்தால்?

1964 டிசம்பர் 22 ராத்திரி. பாம்பனிலிருந்து கிளம்பிய ரயில் தனுஷ்கோடியை நெருங்குகிறது. சிக்னல் இல்லை. நின்றது. பிறகு நகர்ந்தது. அலை வந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. ஓட்டுநரைக் குற்றம் சொல்ல மாட்டேன். கும்மிருட்டு, பேய்மழை, அவர் எதை வச்சு ஆராய்வார்?

அதனாலதான் சொல்றேன் நடுவர் அவர்களே, ஆராய வேண்டியது ஆபத்து வந்த பிறகு இல்லை, வருமுன்னே! இன்னிக்குப் பாம்பன் துறைமுகத்துல புயல் கூண்டு ஏத்துறாங்களே, அது செயற்கைக்கோளும் ராடாரும் பார்த்து, யாரோ முன்கூட்டியே உட்கார்ந்து யோசித்த யோசனை. வானம் வெளுத்திருக்கு. மனசு 'போ'ங்குது. கூண்டு 'நில்லு'ங்குது. தாய்மார்களே, உங்க பிள்ளை படகுத்துறையில நின்னா எதைக் கேட்கச் சொல்வீங்க? (கைதட்டல்)

இன்றைய உள்ளுணர்வு என்பது நேற்று ஆராய்ந்து பழகிய அறிவு. பிள்ளையைப் பாராட்டுங்கள், வேண்டாம்னு சொல்லலை. பெற்ற தாய்க்குத் தீர்ப்பைக் கொடுங்கள்!